சாப்பிடாத பிள்ளையைத் திட்டுவதற்கு முன்: பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி உங்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். சோறு போட்டுப் பிள்ளை வளர்ப்பவர்கள் நீங்கள்தான் என்பதால் இதை எந்தத் துறைக்கும் எழுதாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

சோழ நாடு சோறுடைத்து என்று பெருமை பேசும் மண் இது. இங்கே ஒரு பெண் பிள்ளை தட்டைத் தள்ளி வைத்தால் வீட்டையே அவமதித்த மாதிரி ஆகிவிடுகிறது. 'கொழுப்பு', 'பிடிவாதம்', 'ஸ்டைலுக்குப் பட்டினி கிடக்குறா' என்கிறார்கள். சில வீடுகளில் மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள். என்னிடம் பதினொன்றாம் வகுப்பு படித்த ஒரு மாணவி, டிபன் பாக்ஸைத் தினமும் தோழிகளிடம் கொடுத்துவிடுவாள். பங்குனி வெயிலிலும் அவள் கை சில்லென்று இருக்கும். பிரேயரில் மயங்கி விழுந்த பிறகுதான் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். ஒரு சத்து டானிக் எழுதிக் கொடுத்து, 'நல்லா சாப்பிடச் சொல்லுங்க' என்று அனுப்பிவிட்டார்கள். 'மிஸ், ரெண்டு வாய் வச்சாலே வயிறு உப்பிக்குது' என்று அவள் சொன்னதை வீட்டில் யாரும் நம்பவில்லை.

அவள் சொன்னது உண்மை. நாள்கணக்கில் பட்டினி கிடந்தால் இரைப்பை வேலை மந்தமாகிவிடும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்தது போலிருக்கும், மலச்சிக்கல் வரும். எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் அனோரெக்ஸியா நெர்வோசா என்ற உணவுக்கோளாறில் இது சகஜம். மனநோய்களிலேயே அதிக உயிர்களைப் பறிக்கும் நோய்களில் அதுவும் ஒன்று. ஆனால் அதை மனசு மட்டும் சம்பந்தப்பட்டதாகப் பார்க்க முடியாது என்று இப்போது தெரிந்து வருகிறது. நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் அதில் பங்கு இருக்கலாம்.

2014-இல் பிரான்ஸின் ரூவான் நகர ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். குடலில் சாதாரணமாக இருக்கும் ஈ.கோலை பாக்டீரியா தயாரிக்கும் ஒரு புரதத்தின் ஒரு பகுதி, 'வயிறு நிறைந்தது, போதும்' என்று மூளைக்கு உணர்த்தும் நம்முடைய ஹார்மோன் ஒன்றை ஒத்திருக்கிறது. அந்தப் புரதத்தை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் ஹார்மோனிலும் போய் ஒட்டிக்கொண்டு பசியின் கணக்கைக் குழப்பக்கூடும். ஈ.கோலை கொடுக்கப்பட்ட எலிகள் குறைவாகத் தின்றன. அந்தப் புரதம் இல்லாத ஈ.கோலையைக் கொடுத்தபோது அப்படி நடக்கவில்லை.

2023-இல் வந்த டென்மார்க் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. அனோரெக்ஸியா உள்ள 77 பெண்களையும் ஆரோக்கியமான 70 பெண்களையும் ஒப்பிட்டார்கள். பிறகு, குடலில் எந்த நுண்ணுயிரும் இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு இவர்களின் மலத்திலிருந்த நுண்ணுயிர்களைச் செலுத்தி, தீனியைக் குறைத்தார்கள். நோயாளிகளின் நுண்ணுயிரைப் பெற்ற எலிகள் முதலில் கூடுதலாக இளைத்தன. திரும்ப எடை போடவும் தாமதமானது. எலிக்கு ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை இல்லை, கேலி செய்யும் சொந்தக்காரர்களும் இல்லை. அப்படியிருக்க, 'திமிர்' என்ற சொல்லை நாம் எப்படி இவ்வளவு சுலபமாகப் பிள்ளைகள் மேல் வீசுகிறோம்?

சரி, பாக்டீரியாதான் காரணம் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. பட்டினியே குடல் பாக்டீரியாவை மாற்றிவிடும். எது முதலில் வந்தது என்று பிரிப்பது கடினம். பட்டினி மனசையும் மாற்றும். 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், நல்ல ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்கள். சோர்ந்து எரிந்து விழ ஆரம்பித்தார்கள், எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பாகவே இருந்தார்கள். பட்டினி, குடல், மனசு மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகிற நோய் இது. பரம்பரைக்கும் பங்குண்டு.

இதைப் படித்துவிட்டு யாராவது மெடிக்கல் ஷாப்பில் புரோபயாடிக் மாத்திரை (நல்ல பாக்டீரியா அடங்கியது) வாங்கிக் கொடுத்துவிடுவார்களோ என்றுதான் பயமாக இருக்கிறது. அனோரெக்ஸியாவைக் குணமாக்கும் புரோபயாடிக் இதுவரை இல்லை. பழைய சோற்றில் நல்ல பாக்டீரியா உண்டு, நீராகாரம் வயிற்றுக்கு இதம், நானும் குடிக்கிறேன். ஆனால் அது இந்த நோய்க்கு மருந்து ஆகாது.

அதைவிட ஆபத்தானது அடித்துப் பிடித்து ஊட்டுவது. பல நாள் பட்டினி கிடந்து மெலிந்த உடம்புக்குத் திடீரென்று நிறையச் சோறு போட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் சரேலென்று இறங்கி இதயம் பாதிக்கப்படலாம், உயிரே போகலாம். ரொம்ப இளைத்த பிள்ளைக்கு எவ்வளவு, எப்படிக் கொடுப்பது என்பதை டாக்டர்தான் ரத்தப் பரிசோதனை பார்த்துச் சொல்ல வேண்டும். இதையாவது ஒவ்வொரு அம்மாவுக்கும், அப்பத்தாவுக்கும் சொல்லிவிடுங்கள்.

உங்களால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. எடை பார்க்கும்போது வகுப்பு முன்னால் எண்ணைச் சத்தமாகப் படிக்கும் வழக்கத்தை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். 'குண்டு', 'ஒட்டடைக்குச்சி' என்று ஆசிரியர்களே கூப்பிடுவதையும்தான். அப்புறம், 1999 முதல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஐந்து கேள்விகள் இருக்கின்றன. வயிறு முட்டிவிட்டது என்று வேண்டுமென்றே வாந்தி எடுக்கிறாயா? எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது கைமீறிப் போகிறதே என்று கவலைப்படுகிறாயா? மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்தாயா? மற்றவர்கள் ஒல்லி என்றாலும் உனக்கு நீ குண்டாகத் தெரிகிறாயா? சாப்பாட்டு நினைப்பே நாளை ஆட்டிப்படைக்கிறதா? இரண்டுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். வாராவாரம் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் ஆசிரியைக்கே இதைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு கேட்க வேண்டும். பையன்களையும் கேட்க வேண்டும், அவர்களுக்கும் இது வருகிறது.

சந்தேகம் வந்தால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். மயிலாடுதுறைக்காரர்களும் இவற்றுக்குப் போகலாம். எங்கே போவதென்று தெரியாத வீட்டுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணைக் கொடுங்கள், தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, மாதவிடாய் நின்றுபோவது என்று இருந்தால் போனோடு நிறுத்தாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

உங்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கூப்பிட்டால் பக்கத்துப் பள்ளிகளுக்கு நானே வந்து பேசுகிறேன். அந்த ஐந்து கேள்விகளையும் அச்சடித்து எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியை,
மன்னார்குடி வட்டம்