பெற்றோருக்கு ஒரு கடிதம்: காலாண்டுச் செய்திகளும் பழவேற்காடு பயணமும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. வட்டார அளவிலான விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் சிறப்பாக ஆடினார்கள். கோகோ அணி கோப்பையோடு திரும்பியது. சுதந்திர தின விழா, பேச்சுப்போட்டி, ஆசிரியர் தினம் எல்லாம் உங்கள் ஒத்துழைப்பால் குறைவில்லாமல் நடந்தன. பத்தாம் வகுப்புக்கு மாலை வகுப்புகள் தொடங்கிவிட்டன. அனைவருக்கும் நன்றி.

அப்புறம், எட்டாம் வகுப்பின் பழவேற்காடு பயணம். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் முதல் பாடமே ஐரோப்பியர்களின் வருகைதான். டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரையில் பழவேற்காட்டைத் தலைமையிடமாக வைத்திருந்தார்கள், 1690-இல் அதை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள் என்று பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அந்த ஊர் இரண்டு மணி நேரப் பேருந்துத் தூரத்தில் இருக்கும்போது ஒப்பித்தால் மட்டும் போதுமா என்று நினைத்துத்தான் ஏற்பாடு செய்தோம். 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டையில் இப்போது பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, புதர்தான். பார்ப்பதற்கு மிஞ்சியிருப்பது டச்சுக் கல்லறைத் தோட்டம்.

"கல்லறைக்கா கூட்டிப் போகிறீர்கள்? தீட்டு, பிள்ளை பயந்துக்கும்" என்று சிலர் தொலைபேசியில் சொன்னீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. அவரவர் வீட்டுப் பழக்கம் அவரவருக்கு. வராத பிள்ளைகள் அன்று நூலகத்தில் பழவேற்காடு ஏரியின் வரைபடம் வரைந்தார்கள், நன்றாகவே வரைந்தார்கள்.

போன பிள்ளைகளும் பயந்ததாகத் தெரியவில்லை. வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. ஒன்றிடம் மணற்கடிகை, மற்றதிடம் மண்டையோடு. அதைப் பார்த்ததும் பேருந்தில் போட்ட கூச்சல் தானாக அடங்கியது. உள்ளே 70-க்கும் மேற்பட்ட கல்லறைகள். எழுத்து டச்சு மொழியில் இருந்தாலும், எண்களைப் படித்து யார் எத்தனை வயதில் இறந்தார்கள் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டார்கள். ஒரு மாணவி வந்து, "டீச்சர், இவங்க நம்ம ஆளுங்களை அடிமையா வாங்கி பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பல்ல அனுப்புனவங்கதானே? இவங்க கல்லறையை நாம ஏன் பாதுகாக்கணும்?" என்று கேட்டாள். கேட்டது நூற்றுக்கு நூறு உண்மை. இந்தக் கரையிலிருந்து டச்சுக் கப்பல்களில் துணியும் போனது, மனிதர்களும் போனார்கள். அந்தக் கல் போய்விட்டால் டச்சுக்காரர்கள் இங்கே இருந்ததற்கு என்ன சாட்சி என்று பதிலுக்குக் கேட்டேன். அவள் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. திரும்பி வரும்வரை பேருந்தில் வாக்குவாதம் நடந்தது. இதற்காகத்தான் கூட்டிப் போனோம் என்று மனசு நிறைந்திருந்தது.

இரவு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ஒரு கல்லறையின் மேல் நம் மாணவர் ஒருவர் காலை நீட்டிப் படுத்திருக்கிறார். பக்கத்துக் கல்லில் காம்பஸ் முனையால் கீறிய மூன்று பெயர்கள், நடுவில் ஒரு இதயம். கீழே சிரிக்கும் பொம்மைகள். அதைப் போட்டது பிள்ளை இல்லை, பெரியவர் ஒருவர்.

சரி, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் செய்யக்கூடியதுதான். என் வகுப்பில் நான் உட்கார்ந்த பெஞ்சிலும் என் பெயர் இருந்தது. அவர்களோடு பேசிவிட்டோம், பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை, நீங்களும் விசாரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் பக்கமும் தவறு உண்டு. ஒரு ஆசிரியருக்கு முப்பது பிள்ளைகள் என்று அனுப்பினேன். அது என் கணக்குப் பிழை.

என்னை உறுத்துவது படத்துக்குக் கீழே வந்த பதில்கள். "சின்னப் பசங்க, விடுங்க மேடம்." "எவனோ வெள்ளைக்காரன் கல்லறைதானே." "நம்ம கோயில் சுவர்லயே எழுதுறாங்க, இது என்ன பெரிசா?" இதை எழுதியவர்கள் நான் மிகவும் மதிக்கும் பெற்றோர். அதனால் மழுப்பாமல் சொல்கிறேன். அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2010-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அங்கே கல்லைச் சேதப்படுத்துகிறவருக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். கோயில் சுவரில் எழுதுவதும் தவறுதான். அதைக் காட்டி இதை நியாயப்படுத்த முடியாது. முந்நூறு வருடத்துக்கும் மேல் உப்புக்காற்றைத் தாங்கிய எழுத்தின் மேல் நம் பள்ளிச் சீருடை போட்ட பிள்ளை கீறியிருக்கிறது. வீட்டில் அதற்குச் சிரிப்பு கிடைத்தால், மறுநாள் பள்ளியில் நாங்கள் சொல்லும் எதுவும் எடுபடாது. இனி இப்படி நடந்தால் அந்தப் பிள்ளைக்கு அந்த ஆண்டு எந்தப் பயணமும் கிடையாது. இதில் சிபாரிசு வேண்டாம்.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று ஒருமுறை படித்துப் பார்த்தேன். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏனென்றால் நன்றி சொல்லவும் நிறைய இருக்கிறது. படம் வந்த மறுநாள் காலை, மணி அடிக்கும் முன்பே ஒரு அப்பா மகனைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். மூன்று பிள்ளைகளும் அந்தத் தோட்டத்தின் காவலருக்குத் தங்கள் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் எழுதியது, எழுத்துப்பிழைகளோடு. திருத்தாமலே அனுப்புகிறேன். பயணத்தன்று இரண்டு பானை மோர் கொடுத்தனுப்பிய அம்மாக்களுக்கும், விடுப்பு எடுத்துத் துணைக்கு வந்த இரண்டு பெற்றோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

அடுத்த பயணத்தில் பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் இருப்பார். உங்களில் நான்கு பேர் வந்தால் பெரிய உதவி. இணைத்திருக்கும் ஒப்புதல் படிவத்தைப் படித்து, பிள்ளையோடு பேசி, இருவரும் கையெழுத்திட்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் கொடுத்தனுப்புங்கள். காம்பஸ் பெட்டி அன்று வீட்டிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: பேருந்தில் விட்டுப்போன நான்கு தண்ணீர் பாட்டில்களும் ஒற்றைச் செருப்பு ஒன்றும் அலுவலகத்தில் இருக்கின்றன.