சுவிட்சை அணைக்கும் முன் போர்ட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டங்களிலும் ஆஸ்பத்திரி, பள்ளி, மாம்பழக்கூழ் தொழிற்சாலை என்று பல இடங்களில் நெட்வொர்க் பராமரிப்பு செய்கிறவள் நான். டிப்ளமோ முடித்து, ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்து, அப்புறம் சொந்தமாக இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

கவுன்டரில் வரிசையில் நிற்கும் மக்கள் அடிக்கடி கேட்கும் பதில், "சர்வர் டவுன், அப்புறம் வாங்க" என்பது. நான் போய்ப் பார்க்கும் இடங்களில் பெரும்பாலும் சர்வர் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. பழுது இருப்பது சுவரோரம் ராக்கில் இருக்கும் நெட்வொர்க் சுவிட்சின், அதாவது கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியின், ஏதோ ஒரு போர்ட்டில் (கேபிள் சொருகும் துளையில்). எந்தப் போர்ட், என்ன கோளாறு என்று அந்தச் சுவிட்சே சொல்லிவிடும். ஆனால் அதனிடம் கேட்கத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை. தெரிந்தவர்கள் போனாலும், லாகின் இல்லாததால் கேட்க முடிவதில்லை. எழுதத் தோன்றியது அதனால்தான்.

கடையில் வாங்கும் ஐந்து போர்ட் குட்டிப் பெட்டியைச் சொல்லவில்லை. அதனிடம் கேட்க ஒன்றுமில்லை. அலுவலகங்களில் 24 போர்ட், 48 போர்ட்டோடு வைத்திருக்கிறார்களே, உள்ளே போய்ப் பார்க்கவும் அமைப்பை மாற்றவும் முடிகிற அந்த 'மேனேஜ்டு' வகைச் சுவிட்சைச் சொல்கிறேன். நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு அதோடு பேசுவதே இல்லை. ஏதாவது நின்றால் கரண்டைப் பிடுங்கிச் சொருகுவதுதான் வைத்தியம்.

பேசுவது கஷ்டமான காரியம் இல்லை. லேப்டாப்பிலிருந்து சுவிட்சுக்கு நேராகப் போகும் கன்சோல் கேபிளைச் சொருகி, புட்டி மாதிரி ஒரு இலவச மென்பொருளைத் திறந்து, சிஸ்கோ கம்பெனிச் சுவிட்சாக இருந்தால் வேகம் 9600 என்று கொடுத்தால், கட்டளை தட்டும் கறுப்புத் திரை வரும். சுவிட்சின் ஐபி முகவரி தெரிந்தால், நெட்வொர்க் வழியாகவே நுழையும் எஸ்எஸ்எச் முறையில் உட்கார்ந்த இடத்திலிருந்தே போகலாம். அங்கே 'ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ்' என்று தட்டினால் போதும். ஒரு போர்ட்டுக்கு ஒரு வரி. கேபிள் உயிரோடு இருக்கிறதா, எந்த விலானில் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) இருக்கிறது, டூப்ளெக்ஸ் என்ன (தரவு ஒரே நேரத்தில் இரு பக்கமும் போகிறதா, மாறி மாறியா), வேகம் என்ன, எல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கும். 1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று காட்டினால், முதலில் கேபிளைச் சந்தேகப்படலாம். 1000 என்கிற ஜிகாபிட் வேகத்துக்கு கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100-க்கு இரண்டு ஜோடி போதும். எலி கடித்தோ கிரிம்பிங் சரியில்லாமலோ ஒரு ஜோடி போனால், பல சாதனங்கள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். "நெட் ஸ்லோவா இருக்கு" என்று அதை மாதக்கணக்கில் சகித்துக்கொள்வார்கள்.

பர்கூர் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் நடந்ததைச் சொல்கிறேன். சீசன் நேரம். பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டரும் மினி லாரியும் கேட்டைத் தாண்டி ரோடு வரை நிற்கும். எடைமேடைக் கம்ப்யூட்டருக்கும் அலுவலகத்துக்கும் தொடர்பு நடுநடுவே அறுந்துபோகும். எடைச் சீட்டு வராது. வெயிலில் விவசாயிகள் காத்துக்கொண்டு நிற்பார்கள். எடைமேடையில் இருந்த தம்பி, "அக்கா, பொட்டிய ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணா கொஞ்ச நேரம் ஓடுது, தெனமும் அதுதான் பண்றோம்" என்றார்.

ஸ்டேட்டஸ் வரியில் ஒரு குறையும் இல்லை. தொடர்பு இருக்கிறது, ஃபுல் டூப்ளெக்ஸ், வேகமும் சரி. இங்கேயே நிறுத்திவிட்டால் "சுவிட்சில் பிரச்சினை இல்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். அந்த ஒரு போர்ட்டை மட்டும் எடுத்து 'ஷோ இன்டர்ஃபேசஸ்' என்று முழுதாகப் பார்த்தபோதுதான் சிஆர்சி என்ற இடத்தில் பெரிய எண் தெரிந்தது. ஒவ்வொரு தரவுத் துண்டின் வாலிலும் 4 பைட் அளவுக்கு ஒரு சரிபார்ப்பு எண் போகிறது. வாங்கும் பக்கம் அதை மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் அந்தத் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, கணக்கில் ஒன்று கூட்டிக்கொள்ளும். வழியில் தரவு சிதைந்திருக்கிறது என்று அர்த்தம்.

எண் பெரிதாக இருப்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. அது இன்று சேர்ந்ததா, போன வருடம் சேர்ந்ததா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் 'கிளியர் கவுன்டர்ஸ்' கொடுத்து எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பூஜ்யமாகவே இருந்தது. உள்ளே கூழ் அடிக்கும் மோட்டாரைப் போட்டார்கள், எண் ஏற ஆரம்பித்தது. நிறுத்தினார்கள், எண்ணும் நின்றது. நெட்வொர்க் கேபிளையும் மோட்டாருக்குப் போகும் த்ரீ ஃபேஸ் கேபிளையும் ஒரே தட்டில் ஒன்றாகக் கட்டி இழுத்திருந்தார்கள். பிரித்து வேறு வழியாக இழுத்த பிறகு அந்த எண் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. சுவிட்சை ஆஃப் செய்து ஆன் செய்தபோது சரியானது போலத் தெரிந்ததெல்லாம், அந்த நேரத்தில் மோட்டார் நின்றிருந்ததால் வந்தது. அந்தத் தம்பி புத்திசாலி. அந்தத் திரையை அவருக்கு யாராவது முன்பே காட்டியிருந்தால், அவரே கண்டுபிடித்திருப்பார்.

அணைத்துப் போடுவதை நான் இவ்வளவு எதிர்ப்பதற்குக் காரணம் உண்டு. சிஆர்சி மாதிரி எண்ணிக்கொண்டே போகும் அந்தக் கவுன்டர்கள் எல்லாம் சுவிட்சின் தற்காலிக நினைவகத்தில் இருப்பவை. எந்தப் போர்ட் எப்போது விழுந்தது, எப்போது எழுந்தது என்ற பதிவும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. கரண்டைப் பிடுங்கியதும் எல்லாம் போய்விடும். பழுதுக்கான சாட்சியை நம் கையாலேயே அழித்துவிட்டு, அப்புறம் என்ன பழுது என்று தேடுகிறோம்.

இன்னொன்றும் போகலாம். யாராவது ஏதோ அமைப்பை மாற்றிவிட்டு 'ரைட் மெமரி' கொடுத்துச் சேமிக்காமல் போயிருப்பார்கள். சுவிட்ச் ஓடும் வரை எல்லாம் நன்றாக இருக்கும். கோடை இடி மழையில் கரண்டு போய் வந்ததும் பழைய அமைப்போடு எழுந்திருக்கும். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சும்மா, மழைக்கு அப்புறம்தான் இப்படி" என்று வரும் போன்களில், மழையின் மேல் தப்பில்லாதவையும் நிறைய.

தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் பதியும் கவுன்டரில் கம்ப்யூட்டருக்கு நெட் இல்லை. கேபிளை மாற்றினார்கள், நெட்வொர்க் கார்டை மாற்றினார்கள், கம்ப்யூட்டரையே மாற்றும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சுவிட்சில் பார்த்தால் அந்தப் போர்ட்டுக்கு நேரே 'எர்ர்-டிசேபிள்டு' என்று இருந்தது. கேபிள் பழுதானால் 'நாட் கனெக்ட்' என்று வரும். இது அப்படியில்லை, சுவிட்சே ஒரு காரணத்துக்காக அந்தப் போர்ட்டை மூடிவிட்டது என்று பொருள். 'ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ் எர்ர்-டிசேபிள்டு' என்றால் காரணத்தையும் சொல்லும். பிபிடியு கார்டு என்று வந்தது. சுவிட்சுகள் வளையத்தைக் கண்டுபிடிக்க அனுப்பும் செய்தி ஒரு போர்ட் வழியாக உள்ளே வந்தால், அதை மூடிவிடும் காவல் அது. கவுன்டர் மேசைக்கு அடியில் ஒரு ஐந்து போர்ட் பெட்டி. கீழே தொங்கிக்கொண்டிருந்த ஒரு கேபிளின் முனையை, கூட்டும்போது யாரோ எடுத்து நல்ல எண்ணத்தோடு அதில் சொருகியிருக்கிறார்கள். அதன் மறுமுனையும் அதே பெட்டியில்தான் இருந்தது. அப்படி வளையம் போட்டால் சுவிட்ச் அனுப்பிய அந்தச் செய்தி அதற்கே திரும்பி வரும், தரவுத் துண்டுகள் முடிவில்லாமல் சுற்றும். இத்தனை சுற்றுக்குப் பிறகு செத்துப் போ என்று ஈதர்நெட்டில் அவற்றுக்கு எந்தக் கணக்கும் கிடையாது. சுவிட்ச் அந்த ஒரு போர்ட்டை மூடியதால்தான் மருந்துக் கடையும் லேபும் எக்ஸ்ரேயும் பிழைத்தன. வளையத்தை எடுத்துவிட்டு, அந்தப் போர்ட்டுக்குள் போய் 'ஷட்டவுன்' (மூடு), பிறகு 'நோ ஷட்டவுன்' (திற) கொடுத்தோம். கவுன்டர் உடனே ஓடியது. மற்ற எந்தப் பிரிவும் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

இங்கேதான் என் ஆதங்கம். அந்த ஆஸ்பத்திரியில் பாஸ்வேர்டு கையில் இருந்தது. பல இடங்களில் இருப்பதில்லை. சுவிட்சை மாட்டிய ஒப்பந்தக்காரர் பில் வாங்கிக்கொண்டு போய்விடுவார். பாஸ்வேர்டு அவரிடம் இருக்கும், சில நேரம் அவரிடம் வேலை பார்த்து நின்றுவிட்ட ஒரு பையனிடம் இருக்கும். அரூர் பக்கம் ஒரு பள்ளியில், கம்ப்யூட்டர் ஆசிரியைக்கு எல்லாம் தெரிந்திருந்தும் லாகின் இல்லாததால் ராக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது. பாஸ்வேர்டை மீட்க வழி உண்டு. ஆனால் அதற்கு அந்தச் சுவிட்சை நிறுத்தி, முன்பக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்துக் கிளப்ப வேண்டும். ஒரு போர்ட்டைப் பார்ப்பதற்காக மொத்தப் பள்ளியையும் நிறுத்துவது அநியாயம்.

"கண்டவங்க கையில குடுத்தா கெடுத்துருவாங்க" என்கிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அதற்குத்தான் பார்ப்பதற்கு மட்டும் ஒரு லாகின் உண்டாக்கலாம். சிஸ்கோவில் முதல் நிலையிலேயே, 'எனேபிள்' என்ற முழு உரிமை நிலைக்குப் போகாமலேயே, போர்ட்டின் நிலையையும் கவுன்டரையும் பார்க்க முடியும். அங்கிருந்து எந்தப் போர்ட்டையும் மூட முடியாது, எந்த அமைப்பையும் மாற்ற முடியாது. இதற்கு யாரும் தனியாகக் காசு கேட்பதில்லை. ஒப்பந்தக்காரர் நினைத்தால் அங்கேயே நின்று செய்து கொடுத்துவிடலாம்.

மாற்றுகிற உரிமை வேறு விஷயம். அதைப் பழகியவர்களிடம் மட்டும் கொடுப்பதுதான் சரி. பல விலான்களைச் சேர்த்துச் சுமக்கும் டிரங்க் போர்ட்டில் ஒரு விலானைச் சேர்க்கும்போது 'ஆட்' என்ற ஒரு சொல்லை விட்டால், ஏற்கெனவே இருந்த விலான் எல்லாம் அந்தப் போர்ட்டிலிருந்து போய், புதியது மட்டும் நிற்கும். நான் காவேரிப்பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு தேன்கனிக்கோட்டையில் இருக்கும் சுவிட்சில் மேல் இணைப்பைத் தொடுவதற்கு முன்னால், இருக்கும் அமைப்பைச் சேமித்துவிட்டு 'ரீலோட் இன் 10' கொடுத்துவிடுவேன். தொடர்பு அறுந்துபோனால் 10 நிமிடத்தில் சுவிட்ச் தானே மறுபடி கிளம்பி பழைய அமைப்புக்கு வந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் 'ரீலோட் கேன்சல்'. ராத்திரியில் பஸ் ஏறிப் போக வேண்டிய வேலை மிச்சம். யாரும் உட்காராத வரவேற்பறைச் சுவர்ப் போர்ட்டுகளை மூடி வைப்பதும் இந்த உரிமை உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலைதான். வழிப்போக்கர் யாரும் லேப்டாப்பைச் சொருகி உள்ளே வந்துவிடக் கூடாது.

ஒவ்வொரு போர்ட்டுக்கும் 'டிஸ்கிரிப்ஷன்' எழுதுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எடைமேடை, எக்ஸ்ரே, ஹெச்.எம். அறை என்று ஒரு சொல் போதும். அது இல்லாத சுவிட்சில் 17-ஆம் போர்ட் எங்கே போகிறது என்று தேடியே பாதி நாள் போய்விடும்.

நம் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாவட்டங்களிலும் பாலிடெக்னிக், ஐடிஐ, பொறியியல் கல்லூரி எல்லாம் இருக்கின்றன. படித்து முடித்தவர்கள் ஓசூருக்கும் பெங்களூருவுக்கும் விடியற்காலை பஸ் ஏறுகிறார்கள். என்னிடம் வேலை கேட்டு வருபவர்களுக்கு நெட்வொர்க் பாடத்தில் வரும் ஓஎஸ்ஐ ஏழு அடுக்கும் வரிசையாகத் தெரிகிறது. ஒரு போர்ட் ஏன் செத்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னால் கை முதலில் கேபிளுக்குத்தான் போகிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உயிரோடு ஓடும் ஒரு சுவிட்சின் திரையை அவர்களுக்கு யாரும் காட்டவில்லை. இதற்குப் பெரிய லேப் வேண்டாம். சுவிட்சைத் திரையிலேயே பாவனையாக ஓட்டிப் பழகும் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, சாதாரண லேப்டாப்பில் ஓடும். நிஜச் சுவிட்சைத் தொட்டுப் பழக வேண்டுமென்றால் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழையது கிடைக்கும். கல்லூரி ஒன்று வாங்கிப் போட்டால் பல வருடங்களுக்கு மாணவர்கள் பழகலாம். ஒரு பிராண்டில் கை பழகிவிட்டால் மற்றதும் வந்துவிடும். ஹுவாவேயில் 'ஷோ' என்பதற்கு 'டிஸ்ப்ளே', 'நோ ஷட்டவுன்' என்பதற்கு 'அன்டூ ஷட்டவுன்'. ஜூனிப்பரில் 'ஷோ இன்டர்ஃபேசஸ் டெர்ஸ்'. பார்க்க வேண்டிய விஷயம் எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

அரசு அலுவலகமோ தனியார் நிறுவனமோ, சுவிட்ச் மாட்டும் வேலைக்குப் பணம் கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடும் முன்பு, முழு உரிமை உள்ள பாஸ்வேர்டை உறையில் போட்டு வாங்கி அலமாரியில் பூட்டுங்கள். பார்க்க மட்டும் ஒரு லாகினை அங்கேயே வேலை செய்யும் ஒருவர் பெயரில் கேளுங்கள். போர்ட் பட்டியலை ஒரு தாளில் அச்செடுத்து ராக் கதவின் உட்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய்க்கு ஒரு கன்சோல் கேபிள் வாங்கி ராக்குக்குள்ளேயே தொங்கவிடுங்கள்.

உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் இதைப் பற்றித் தொடர்ந்து எழுதினால், ஊர் ஊராகப் போய்ச் சேரும். எழுதிக் கொடுக்க நான் தயார். என்னிடம் ஒரு பழைய 24 போர்ட் சுவிட்ச் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் வீட்டில்தான் இருப்பேன். தொட்டுப் பழக விரும்பும் மாணவ மாணவியர், ஆசிரியர்கள் யாராக இருந்தாலும் வரலாம். கட்டணம் எதுவும் இல்லை. என் முகவரியை இந்தக் கடிதத்தோடு தனியாக இணைத்திருக்கிறேன். கேட்டு வருபவர்களுக்கு உங்கள் அலுவலகத்தில் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெட்வொர்க் பராமரிப்பாளர்,
காவேரிப்பட்டணம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.