பால்குடிக் குழந்தைக்கும் உதவித்தொகை

ஆசிரியருக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் கலீஃபா உமர் (ஆட்சிக்காலம் 634–644) பற்றிய கட்டுரையைப் படித்தேன். சிரியா, எகிப்து வெற்றிகளுக்கே முக்கால் பக்கம் போய்விட்டது. அவர் ஏற்படுத்திய ‘திவான்’ என்னும் உதவித்தொகைப் பதிவேட்டுக்கு ஒரே ஒரு வரி. என்னைக் கேட்டால் அந்தப் பதிவேடுதான் பெரிய சாதனை. முதலில், பால்குடி மறந்த குழந்தைக்கே தொகை என்று விதி இருந்தது. ஓர் இரவு ரோந்து போன உமர், ஒரு குழந்தை விடாமல் அழுவதைக் கேட்டு விசாரித்தார். தொகை சீக்கிரம் கிடைக்கட்டும் என்று தாய் முன்கூட்டியே பாலை நிறுத்தப் பார்த்திருக்கிறாள். கேட்பவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. விடிந்ததும், பிறந்த குழந்தை முதலே தொகை உண்டு என அவர் அறிவித்ததாகப் பழைய அரபு வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

நான் வரலாற்று ஆசிரியராக இருந்தவன். போர் நடந்த ஆண்டுகளை மாணவர்கள் தேர்வோடு மறந்துவிடுவார்கள். இதைச் சொன்ன அன்று கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, “அப்புறம் அந்தக் குழந்தைக்குப் பால் கிடைச்சுதா சார்?” என்று கேட்டான். திவானைப் பற்றியும், 639-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் மதீனாவுக்கு சிரியாவிலிருந்து தானியம் வந்தது பற்றியும் தனிக் கட்டுரை வெளியிடுங்கள்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி