இரண்டு கம்பி, ஒரு கம்பம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை. "நம் ஹாம் ரேடியோ பொழுதுபோக்குக்கு நீ கட்டிய இரண்டு ஆன்டெனாவில் எது நல்லது, ஒரே வரியில் சொல்" என்று கேட்டிருந்தாயே, அந்த வரியைத் தேடித்தான் இத்தனை நாளும் போனது. மூட்டுவலி பரவாயில்லை, ஏணி ஏற முடிகிறது. நான் ஏணியைத் தூக்கினாலே வீட்டில் பேச்சு விழுகிறது: "துணி காயப்போட ஒரு கொடி கட்டித் தரச் சொல்லி ஆறு மாதமாச்சு, இதுக்கு மட்டும் எங்கிருந்துதான் நேரம் வருதோ!"

முதலில் கட்டியது நம் பழைய தலைகீழ் வி, நடுவில் கேபிள் சேர்ந்து, கவிழ்த்த V போலத் தொங்கும் கம்பி. கம்பத்தின் உச்சி 11 மீட்டர், இரு கைகளும் சரிந்து இறங்குகின்றன. கம்பி நீளத்துக்கு 143ஐ மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணால் வகுக்கும் அந்தக் கணக்கு உனக்கு மறந்திருக்காது. 7.1க்கு மொத்தம் 20.1 மீட்டர், ஒரு கைக்கு 10 மீட்டர் சொச்சம். நான் 10.3 விட்டு வெட்டினேன். கம்பி எந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்கிறது என்று காட்டும் அனலைசரை மாட்டினால் 6.7இல் போய் நிற்கிறது! பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி, போதாததற்குக் கை நுனிகள் தரைக்குப் பக்கத்தில். இரண்டுமே கம்பியை நீளமானதுபோல் காட்டும். நம் முதல் இருகைக் கம்பியை அவசரப்பட்டு நறுக்கிவிட்டு, மறுபடி துண்டு ஒட்டி சால்டர் வைத்தது ஞாபகம் வந்தது. இந்த முறை வெட்டவில்லை. நுனியை மடக்கி, கம்பியோடு சேர்த்து முறுக்கிவிட்டேன். பக்கத்துக்கு அரை மீட்டருக்கு மேல் மடக்கிய பிறகுதான் 7.1க்கு வந்தது.

அடுத்தது ஒரு முனையில் ஊட்டும் அரையலைக் கம்பி. இதற்கு நடுவில் கேபிள் தொங்க வேண்டியதில்லை. சன்னல் ஓரம் டிரான்ஸ்ஃபார்மர், அங்கிருந்து கம்பி கம்பத்து உச்சிக்கு ஏறி அப்படியே மரத்துக்குப் போகிறது. முனையில் இம்பிடன்ஸ், அதாவது மின்தடுப்பு, இரண்டாயிரத்து ஐந்நூறு ஓம் அளவில் இருக்கும் என்பதால், கேபிளின் 50 ஓமோடு பொருந்த 49க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர். ஃபெரைட் வளையத்தில் முதல் பக்கம் 2 சுற்று, மறுபக்கம் 14. மழைநாள் மத்தியானம் ஒன்றில் உட்கார்ந்து சுற்றி முடித்தேன். சுகமான வேலை.

சுகம் அன்று மாலை வரைதான். மைக்கைப் பிடித்து அழைத்தால் உதட்டில் சுருக்கென்று குத்துகிறது. கம்பிக்கு மறுபாதி என்று ஒன்று வேண்டுமே, அது கேபிளின் வெளிப்பின்னலையே எடுத்துக்கொண்டுவிட்டது. அதாவது நானும் ரேடியோ செட்டும் மேசையும் ஆன்டெனாவில் ஒரு பாகம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, அதே கேபிளை இன்னொரு ஃபெரைட் வளையத்தில் பன்னிரண்டு சுற்று சுற்றி, வெளிப்பின்னலில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்க ஒரு சோக் போட்டேன். குத்தல் நின்றது. நான் எதிர்பாராதது இன்னொன்று: சிக்னலின் பலம் காட்டும் எஸ் மீட்டரில் 7இல் நின்ற இரைச்சல் 5க்கு இறங்கியது. வீட்டுக்குள் இருக்கும் சார்ஜர், எல்ஈடி விளக்கு இவற்றின் குப்பையெல்லாம் கேபிளின் வெளிப்பக்கம் வழியாகத்தான் உள்ளே வந்துகொண்டிருந்திருக்கிறது.

சரி, கட்டியாயிற்று, எது மேல் என்று பார்ப்போம் என்று ஒரு சுவிட்சை வைத்து மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒரு வாரம் இரண்டாவது கம்பியைத் தலையில் வைத்துக் கொண்டாடினேன். அந்த வாரம் மொத்தமும் வீண். சிக்னல் ஏறி இறங்கும் ஆட்டமே இரண்டு மூன்று எஸ் இருக்கும். நான் சுவிட்சைத் தட்டிய நேரத்தில் அது ஏறினால் கம்பிக்குப் புகழ், இறங்கினால் பழி. அது மட்டுமில்லை. ஒரு நாள் வியை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தால், இரண்டாவதன் ஒத்ததிர்வு 100 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்திருக்கிறது. கிட்டத்தட்ட இணையாகத் தொங்கிய இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்திருக்கின்றன! வியைத் திருப்பி, மற்றதற்குக் குறுக்காக வரும்படி கட்டிய பிறகுதான் விலகின.

இதிலும் பெரிய கூத்து கேபிளில். அனுப்பும் பவரில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். (1 என்றால் எதுவும் திரும்பவில்லை) இரண்டாவது கம்பிக்கு பேண்ட் முழுக்க 1.2. உனக்குப் படம் அனுப்பிப் பெருமையடித்தேன் அல்லவா, அதேதான். அவ்வளவு அகலமாக நன்றாக இருந்ததே சந்தேகத்தைக் கிளப்பியது. பவரை வீசாமல் வெறும் சூடாக்கிவிடும் டம்மி லோடுக்குக்கூடத்தான் 1.0 வரும், அதை வைத்து யாரோடு பேசுவது? கேபிளின் மறுமுனையைக் கழற்றித் திறந்துவிட்டு அளந்தேன். நல்ல கேபிள் என்றால் மீட்டர் எங்கோ எகிறியிருக்க வேண்டும். வெறும் 3தான் காட்டியது. போய்த் திரும்புவதில் 6 டெசிபெல் காலி, அப்படியென்றால் ஒருவழிக்கு 3. பாதிப் பவர் கேபிளிலேயே சூடாகிப் போயிருக்கிறது. அறுத்துப் பார்த்தால் பின்னல் பச்சை பூத்துக் கறுத்திருந்தது. கனெக்டருக்குத் தண்ணீர் புகாத டேப் சுற்ற மறந்தவன் நான்தான், வேறு யாரையும் சொல்வதற்கில்லை. பாதி போயும் காதுக்கு எப்படித் தெரியாமல் இருந்தது என்று கேட்பாய். 3 டெசிபெல் என்பது அரை எஸ்தானே, அந்த ஆட்டத்தில் அது எங்கே தெரியப்போகிறது.

அப்புறம்தான் காதை நம்புவதை விட்டுவிட்டு விஸ்பர் (WSPR) என்ற மென்பொருளுக்குப் போனேன். பல்சார் ஆராய்ச்சிக்கு நோபல் வாங்கிய ஜோ டெய்லர் 2008இல் வெளியிட்டாரே, அதுதான். இரண்டு நிமிடத்துக்கு ஒரு சின்ன முணுமுணுப்பு. கேட்கும் நிலையங்கள் எத்தனை டெசிபெலில் கேட்டன என்று தாமாகவே பதிந்துவிடும். புதுக் கேபிள் மாட்டி, ஒரு முறை வி, அடுத்த முறை மற்றது என்று மாற்றி மாற்றி நான்கு நாள் ஓட்டினேன். அடுத்தடுத்த இரண்டு முறையும் கேட்ட நிலையங்களை மட்டும் கணக்கில் எடுத்தேன். 800 கிலோமீட்டருக்குள் வி சராசரியாக 4 டெசிபெல் மேல். 3000க்கு அப்பால், இரவில், மற்றது ஒன்றிரண்டு மேல், அதுவும் சில திசைகளில்தான். யோசித்தால் ஆச்சரியமில்லை. 11 மீட்டர் என்பது 7 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைதான், வி பெரும்பாலும் வானத்தைப் பார்த்துத்தான் வீசும். அது மேலே பட்டுத் திரும்பிப் பக்கத்து ஊர்களில் விழுகிறது. இன்னொன்றில் சன்னலிலிருந்து ஏறும் பகுதி தாழ்ந்த கோணத்துக்கு உதவுகிறது, ஆனால் டிரான்ஸ்ஃபார்மரும் கொஞ்சம் தின்கிறது. 14 மெகாஹெர்ட்ஸிலும் 28இலும் அது, செட்டோடு பொருத்திக் கொடுக்கும் டியூனர் இல்லாமல் ஓடும், வி ஓடாது என்பதையும் சேர்த்துக்கொள்.

உன்னோடு பேச வி, தூரத்துக்கு மற்றது. ஒரே வரி கேட்டாயே, இது போதுமா?

போதாதென்றால் ஞாயிறு காலை எட்டு மணிக்கு 7.1 பக்கம் வா. எது எந்தக் கம்பி என்று சொல்லாமல் "அ", "ஆ" என்று மட்டும் சொல்லி இருபது முறை மாற்றுவேன். நீ மீட்டரைப் பார்த்துக் குறித்து வை. என் பக்கத்துக் காகிதத்தை மடித்து உறையில் ஒட்டி வைத்திருக்கிறேன், நீ உன்னுடையதை அனுப்பிய பிறகு பிரிப்பேன். பேட்டரியை முந்தைய இரவே சார்ஜில் போட்டுவிடு, போன முறை பாதியில் காணாமல் போனாய்.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்