மலையில் மூன்று தூண்

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோவு கொஞ்சம் குறைவு.

நேற்று லீவு. தனியே ரிட்டர்ஸ்டுர்ஸ் மலைக்கு ஏறினேன். இத்தனை வருஷம் ஜேர்மனியில், இந்தக் கோப்லென்ஸில் இருந்தும், வருகிற சொந்தக்காரரை எல்லாம் ரைன் ஆறும் மோசல் ஆறும் கூடுகிற முனைக்குக் கொண்டுபோய், பழைய பேரரசர் கைசரின் குதிரைச் சிலைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தோமே தவிர, இங்கே ஒருவரையும் கூட்டி வந்ததில்லை. கைசருக்கு அவ்வளவு சனம். சனநாயகத்துக்கு மூன்று தூண், அடியில் ஈரப் பாசி, நாயோடு நடக்க வந்த ஒரு கிழவி.

போருக்குப் பிறகு அமெரிக்கரும் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் ஆண்ட மூன்று மேற்கு மண்டலங்களுக்காக 1978இல் நட்ட தூண்கள் அவை. முன்பு அந்த இடத்தில் ஒரு ஹோட்டல் இருந்தது. மலை சறுக்கும் என்று பயந்து இடித்துப்போட்டார்கள். 1948 ஜூலை 8 முதல் 10 வரை 11 மாநிலத் தலைவர்கள் அங்கேதான் கூடினார்கள். ஒரு கிழமைக்கு முதல்தான் ஃபிராங்க்ஃபர்ட்டில் மூன்று ராணுவ ஆளுநர்களும் அவர்களைக் கூப்பிட்டு, அரசியலமைப்பு எழுதச் சொல்லித் தாள்களைக் கொடுத்திருந்தார்கள். மேற்கு பெர்லினை ரஷ்யர் அடைத்து வைத்திருந்த நேரம். கிடைத்ததை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். இவர்களோ, அரசியலமைப்பு என்று பேர் வைத்தால் ரஷ்யர் கையிலிருந்த கிழக்கு ஜேர்மனியைக் கைகழுவினதாகிவிடும், 'அடிப்படைச் சட்டம்' என்றால் போதும் என்றார்கள். சனவாக்கெடுப்பும் வேண்டாம், மாநில சபைகள் ஏற்றால் சரி. அமெரிக்க ஆளுநர் கிளேக்குக் கடும் கோபம். ஆனாலும் 1949 மே 23இல் வந்தது அந்தப் பேரோடுதான். 1990இல் கிழக்கு சேர்ந்த பிறகும் பேர் மாறவில்லை.

சட்டம் படிக்கிற உனக்கு இதெல்லாம் மனப்பாடமாக இருக்கும். எனக்கு அதில் தெரிந்தது 16ஆம் பிரிவு ஒன்றுதான். அரசியலால் துரத்தப்பட்டவர்களுக்குப் புகலிட உரிமை உண்டு. ஜேர்மனில் நாலே சொல். 1993இல் அதை 16அ ஆக்கி, நிபந்தனைகளால் கட்டிப்போட்டார்கள். நான் வந்தது அதற்கு முதல், 1985இல். அகதி முகாமில் என் சூட்கேசை நான் பிரித்து அடுக்கவே இல்லை. ஆறு மாதத்தில் ஊருக்குப் போகிறவன் எதற்கு அடுக்க வேணும் என்று, தேவையானதை மட்டும் கையை விட்டு இழுத்து எடுப்பேன். அதே சூட்கேஸ்தான் இப்போது நிலவறையில், உன் பள்ளிக்கூடக் கொப்பிகளோடு கிடக்கிறது.

ஈஸ்டருக்கு வரும்போது ஒருக்கால் சேர்ந்து ஏறுவோம். நல்ல சப்பாத்து போட்டுக்கொண்டு வா, பாதை முழுக்கச் சேறு.

அன்புடன்,
அப்பா