டாப்ளர் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கலங்கிய தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

ஐவிஎஃப் சிகிச்சையில், ஆய்வகத்தில் வளர்த்த கருவைக் கருப்பைக்குள் வைப்பதற்கு முன் எடுத்த டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) ரிப்போர்ட்டை அனுப்பியிருந்தாயே, படித்தேன். 'கருப்பை உள்படலத்தில் ரத்த ஓட்டம் குறைவு' என்ற வரியை இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறாய். அதற்கு மேலேயே, படலத்தின் தடிமன் 8.2 மில்லிமீட்டர், அதில் மூன்று கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன என்று இருக்கிறதே, அது கண்ணில் படவில்லையா? இரண்டும் நல்ல செய்தி. 7 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் பெரும்பாலான மையங்கள் கருவை வைக்கத் தயாராகிவிடும்.

ஸ்கேன் அறையிலேயே காலம் தள்ளுகிறவள் என்பதால் சொல்கிறேன். திரையில் தெரியும் சிவப்பும் நீலமும் நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் அல்ல. கருவியை நோக்கி வரும் ஓட்டத்துக்கு ஒரு நிறம், விலகிப் போவதற்கு இன்னொரு நிறம், அவ்வளவுதான். உள்படலத்தின் சுருள் தமனிகள் மிக நுண்ணியவை. அவற்றில் ரத்தம் மெதுவாகத்தான் நகரும். கருவியைச் சற்றுச் சாய்த்தாலோ, வேக அளவைக் கூட்டி வைத்தாலோ அந்தப் புள்ளிகள் மறைந்துவிடும். அதே நாளில் வேறொருவர் பார்த்திருந்தால் வேறு வரி எழுதியிருக்கலாம்.

ரத்தம் கூடினால் கரு ஒட்டிக்கொள்ளும் என்பதும் அவ்வளவு நேர்க்கணக்கு அல்ல. கருப்பைக்குள் ஆக்சிஜன் இயல்பிலேயே குறைவு. காற்றில் 21 சதவீதம் இருந்தும், கருவை வளர்க்கும் பெட்டிகளில் 5 சதவீதம் வைப்பது அதனால்தான். கரு பதிந்த பிறகு அதன் செல்களே சுருள் தமனிகளின் வாயை அடைத்துக்கொண்டு, ஏறக்குறைய பத்து வாரம் வரை தாயின் ரத்தம் பாய்ந்து வராமல் பார்த்துக்கொள்கின்றன. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எனக்கு இது வியப்புதான்.

ஓட்டம் நன்றாக இருப்பவர்களுக்கு வெற்றி சற்றுக் கூடுதல் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, சில மறுக்கின்றன. கருவின் தரமும், முட்டை எடுத்தபோது இருந்த வயதும் அதைவிடப் பெரிய விஷயங்கள். ஆஸ்பிரின், ரத்தக்குழாயை விரிக்கும் சில்டெனாஃபில், நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும் தட்டணுச் செறிவான பிஆர்பி என்று யார் யாரோ சொல்வதையெல்லாம் நீயாகத் தொடங்காதே. ஓட்டத்தைக் கூட்டி வெற்றி தரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வேறு காரணத்துக்காக மருத்துவர் ஆஸ்பிரின் எழுதியிருந்தால் மட்டும் நிறுத்திவிடாதே.

மருத்துவரிடம் இதைக் கேள்: "இந்த ஒரு வரிக்காக எதையாவது மாற்றப் போகிறீர்களா?" இல்லை என்றால் குறித்த நாளிலேயே போய்வா. முன்பு கரு கலைந்தபோது கருப்பையைச் சுத்தம் செய்தார்களே, அதை அவரிடம் சொன்னாயா? உள்ளே தழும்பு இருந்தால் ஓட்டமும் குறையும். ஹிஸ்டிரோஸ்கோப்பி, அதாவது கருப்பைக்குள் சிறு கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை, செய்தால் தெரிந்துவிடும். எனக்குக் கவலை என்றால் அது ஒன்றுதான். கேட்டுவிட்டு எழுது.

அன்புடன்,
அக்கா