சிறுகுறிஞ்சான் பொடி பற்றிக் கேட்டிருந்தாயே

அரூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய சேதியெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இங்கே மாங்காய் சீசன் தொடங்கிவிட்டது. கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் கூழ் ஃபேக்டரி வாசலில் லாரி வரிசை. விலையைக் கேட்டால் மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. வழக்கம்போல்தான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரை நோய்க்கு டாக்டர் கொடுத்த மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்திவிட்டு நாட்டு மருந்துக் கடைச் சிறுகுறிஞ்சான் பொடியை மட்டும் சாப்பிடலாமா என்கிறாய். வேண்டாம். மாத்திரையை விடாதே. இப்படி ஒரு வரியில் முடித்தால் நீ கேட்க மாட்டாய், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டுச் சாயப்பட்டறையில் ஆயுசைக் கழித்தவன் நீ, உனக்குப் புரியாதது ஒன்றுமில்லை.

என் தங்கச்சி மகள் பிஎச்.டி. பண்ணுகிறாள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அவள் எடுத்திருப்பதே இந்தக் கொடியைத்தான். சித்தேரி மலை ஏறுகிற வழியில் ஒருவரின் பட்டா நிலத்து வேலியில் படர்ந்து கிடந்தது. அவரிடம் கேட்டு, பூவும் காயுமாக ஒரு கிளையை அழுத்திக் காயவைத்து, கோயம்புத்தூரில் உள்ள பொட்டானிக்கல் சர்வே அலுவலகத்துக்கு எடுத்துப்போய், சிறுகுறிஞ்சானின் அறிவியல் பெயரான ஜிம்னிமா சில்வெஸ்ட்ரேதான் இது என்று எழுத்தில் வாங்கிவந்தாள். இந்த ஒரு காகிதம் இல்லையென்றால் அதற்குப் பிறகு செய்வதெல்லாம் வீண். கடையில் பொட்டலம் கட்டிக் கொடுக்கிற பச்சைப் பொடி எந்த இலை என்று வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது, நீ வாங்குகிறதும் அப்படித்தான்.

அன்றைக்கு அவள் கொண்டுவந்த இலையில் இரண்டை மச்சான் வாயில் போட்டு மென்றார். நல்ல கசப்பு. வாய் கொப்பளித்துவிட்டுச் சர்க்கரையை அள்ளிப் போட்டவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மணலைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்றார். உப்பு உறைத்தது, புளி புளித்தது, இனிப்பு மட்டும் காணோம். அரைமணி நேரம் கழித்துத்தான் மெல்ல மெல்லத் திரும்பியது. அதற்குள், "பார்த்தாயா, சர்க்கரையை அடித்துவிட்டது, இரத்தத்திலும் இதைத்தான் செய்யும்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். ஊரில் பாதிப் பேர் இந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டுதான் பொடி வாங்குகிறார்கள். நாக்கில் இனிப்பை உணர்கிற ஏற்பிகளை அந்த இலையில் உள்ள பொருள் மறித்துவிடுகிறது, அவ்வளவுதான். நாக்கில் நடந்ததை வைத்து இரத்தத்தில் நடப்பதைச் சொல்ல முடியாது. அது வேறு வழக்கு, அதற்குச் சாட்சியும் வேறு.

நாக்குச் சங்கதியை முதலில் துப்புத் துலக்கியவர் நம் ஊட்டியில் இருந்தவர். டேவிட் ஹூப்பர் என்று பெயர், கொய்னா மருந்து எடுக்கிற சின்கோனாப் பட்டையைச் சோதிக்க மதராஸ் அரசாங்கம் வைத்திருந்த வேதியியலாளர். 1887-இல் இந்த இலையிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்து ஜிம்னிமிக் அமிலம் என்று பெயர் வைத்தார். இன்றைய எந்திரம் ஒன்றுகூட அன்றைக்குக் கிடையாது. எந்தப் பகுதியில் சரக்கு இருக்கிறது என்று சொல்ல நாக்கு இருந்தது. இப்போது அதையே பெரிய பெயரில் செய்கிறார்கள்: சாற்றைப் பிரி, ஒவ்வொரு பிரிவையும் சோதி, வேலை செய்கிற பிரிவை மட்டும் மேலே பிரி. ஆய்வகத்தில் கரைப்பான் வாடை அடிப்பதால் நாக்கில் வைக்க விடமாட்டார்கள், அதுதான் வித்தியாசம்.

ஒருநாள் அவள் ஆய்வகத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். நிழலில் உலர்த்திய இலைப் பொடியைக் காகிதக் குழலில் அடைத்து, சாறு இறக்குகிற சாக்ஸ்லெட் என்ற கண்ணாடிக் கருவியில் வைத்திருந்தாள். முதலில் கரைப்பானாகப் பெட்ரோலியம் ஈதர், மெழுகும் பச்சையத்தில் கொஞ்சமும் அதோடு போய்விடும். அப்புறம் ஆல்கஹால். கீழே கொதிக்கிறது, ஆவி மேலே போய்க் குளிர்ந்து பொடிமேல் சொட்டுகிறது, குழல் நிரம்பியதும் 'களக்' என்று மொத்தமாகக் கீழே இறங்குகிறது. மறுபடி நிரம்புகிறது. இறங்குகிற திரவம் வெளுக்கும்வரை இதே கூத்து. வடித்து வற்றவைத்தால் பழுப்புப் பாகு. அதை நீரில் கரைத்துக் குலுக்கினாள், சீயக்காய்த் தண்ணீர் நுரைக்கிற நுரை. சப்போனின் என்கிற நுரைக்கும் பொருள் வகை என்பதற்கு அது முதல் அடையாளம். நீர்த்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டதும் சாம்பல் நிறத்தில் படிவு இறங்கியது. அந்தப் படிவுதான் கச்சா ஜிம்னிமிக் அமிலம். கலவையைப் புள்ளி புள்ளியாகப் பிரித்துக் காட்டுகிற டிஎல்சி தகட்டில் வைத்து, நிறம் வரவைக்கிற அனிசால்டிஹைடு தெளித்துச் சூடாக்கியபோது ஊதாப் புள்ளி ஒன்று வரும் என்று பார்த்தேன். ஒன்றா, ஒன்றன் கீழ் ஒன்றாக வாலும் தலையுமாக ஒரு வரிசையே வந்தது. ஹூப்பர் ஒரே அமிலம் என்று பெயர் வைத்தது ஒரு குடும்பமே என்று பின்னால்தான் தெரிந்தது.

அந்தக் குடும்பத்தில் மூத்ததை எடுத்துக்கொள். நடுவில் ஜிம்னிமாஜெனின் என்கிற 30 கார்பன் கூடு. அதில் ஒரு பக்கம் குளுக்குரானிக் அமிலம், 6 கார்பன். இன்னொரு பக்கம் டிக்லிக் அமிலத்தின் 5, அசிட்டிக் அமிலத்தின் 2. கூட்டினால் 43. மூலக்கூறு எடை 807 சொச்சம். காந்தப் புலத்தில் வைத்து மூலக்கூறின் அமைப்பைக் காட்டுகிற என்எம்ஆர் படத்தில் இந்த 43 கார்பனுக்கும் கணக்குச் சொல்லி, எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று காட்டினால்தான் 'இன்ன பொருள்' என்று எழுதலாம். அதற்குச் சில மில்லிகிராம் சுத்தமான சரக்கு வேண்டும். ஒரு மூட்டை இலையை உலர்த்தி, அரைத்து, சிலிக்கா ஜெல் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் மாதக்கணக்கில் விட்டுப் பிரித்துக் குப்பியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற வெள்ளைத் தூளைத்தான் சென்னை ஐஐடிக்கு அனுப்பினாள்.

இவ்வளவு பாடு படாமல் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது மாப்ளே, அதைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றெரிச்சல். கச்சாச் சாற்றை, ஆவியாக்கிப் பிரித்து எடை பார்க்கிற ஜிசி-எம்எஸ் எந்திரத்தில் விடுவது, கணினி நூலகம் கொடுக்கிற பெயர்ப் பட்டியலை அப்படியே அட்டவணையாகப் போடுவது, 'மருத்துவக் குணமுள்ள இத்தனை பொருள்கள் கண்டறியப்பட்டன' என்று கட்டுரை எழுதுவது. பட்டியலின் தலையில் பால்மிடிக் அமிலமும் ஃபைட்டாலும் தவறாமல் இருக்கும். பச்சையம் உடைந்தால் ஃபைட்டால், கொழுப்பு இருந்தால் பால்மிடிக். ஆடு தின்கிற எந்த இலையில் அது இல்லை? ஆவியாகிற பொருளைத்தான் அந்த எந்திரம் பார்க்கும். 807 எடையுள்ள சர்க்கரை ஒட்டிய மூலக்கூறு ஆவியாகாது, கருகும். ஆக, எதைத் தேடுகிறோமோ அது மட்டும் அட்டவணையில் வராது! இவளையும் ஒருவர் அப்படி ஒரு அட்டவணை சேர்க்கச் சொன்னார், சேர்த்தால் கட்டுரை சீக்கிரம் வெளிவருமாம். மாட்டேன் என்று விட்டாள்.

அவளுக்கே ஒரு சோதனை வந்தது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிற நொதியைக் கச்சாச் சாறு பலமாக அடக்கியது. பிரிக்கப் பிரிக்க அந்தப் பலம் காணாமல் போனது. கடைசியில் பார்த்தால் அது டானின் செய்த வேலை. துவர்ப்புப் பொருள் எந்தப் புரதத்தையும் பிடித்துக் கட்டிவிடும், நொதி எதுவானாலும் அதற்கு ஒன்றுதான். டானினை நீக்கிவிட்டு முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறாள். இரத்தச் சர்க்கரையைக் குறைப்பது இந்த அமிலங்கள்தானா, வேறெதுவுமா என்று அவள் இன்னும் எழுதவில்லை. எழுதாமல் இருப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

மனிதர்களிடம் சோதிக்கவே இல்லையா என்று கேட்பாய். சோதித்திருக்கிறார்கள், அதுவும் சென்னைப் பல்கலைக்கழகத்தில். 1990-இல் வந்த அந்த ஆய்வில், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த 22 பேருக்கு அதோடு சேர்த்து இந்த இலைச் சாறு தினம் 400 மில்லிகிராம், 18 முதல் 20 மாதம் வரை கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது, 5 பேர் மாத்திரையை விடவே முடிந்தது. உற்சாகமான சேதிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் 22 பேர், மாத்திரையோடு சேர்த்து, டாக்டர் கண்காணிப்பில், அளவு பார்த்துத் தயாரித்த சாறு. நீ சொல்வது ஒரு ஸ்பூன் பொடி, அதுவும் மாத்திரையை விட்டுவிட்டு! இதே கொடி மருந்தைச் சாப்பிட்டு ஈரல் கெட்டதாக மருத்துவ இதழில் பதிவான கேஸும் உண்டு.

இன்னொன்று. 'இங்கிலீஷ் மாத்திரை' என்று நீ முகம் சுளிக்கிற மெட்ஃபார்மினுக்கும் பூர்விகம் ஒரு செடிதான். ஐரோப்பாவில் கலீகா என்று ஒரு பயறு வகைச் செடி. அதிலுள்ள கலிஜின் என்ற பொருள் சர்க்கரையைக் குறைத்தது, ஆளையும் படுத்தியது. அதே சாயலில் ஆய்வகத்தில் உண்டாக்கிய பொருள்களில் ஒன்றுதான் மெட்ஃபார்மின். 1922-இலேயே தயாரித்துவிட்டார்கள், பாரிஸில் ழான் ஸ்டெர்ன் என்ற டாக்டர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதியது 1957-இல். நடுவில் 35 வருஷம் சர்க்கரை நோய்க்கு மருந்தாக வராமலே கிடந்தது.

பொடி சாப்பிட்டே தீருவேன் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடு. இரண்டும் சேர்ந்து சர்க்கரை சட்டென்று இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும். வீட்டில் குளுக்கோமீட்டர் இல்லையென்றால் முதலில் அதை வாங்கு. ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய், வரும்போது மூன்று மாதச் சர்க்கரை ரிப்போர்ட்டை எடுத்து வா. தங்கச்சி மகளும் அன்றைக்கு வீட்டில் இருப்பாள், மீதிச் சந்தேகத்தை அவளிடமே கேள். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன்
மாப்ளே